மயக்க டாக்டர் வராத நாள்

எதற்காவது கவலைப்படாமல் எனக்குப் பொழுது போகாது. முதல் பிரசவத்தின்போது இருந்த கவலை வலியைப் பற்றியது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிற லைனில் இருந்தேன். மெஷின் ஊசி விரலில் இறங்கியதற்கே மயங்கி விழுந்தவள் நான்.

ஏழாம் மாதச் செக்கப்பில் டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். மாஸ்க் வைத்து இழுக்கிற கேஸ் இருக்கிறது, ஓரளவு தாங்க வைக்கும் என்றார். இடுப்பில் போடுகிற ஊசியில் தூக்கம் வரும், வலி முழுதாகப் போகாது. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விட்டால்தான் நன்றாகக் குறையும், அதற்கு மயக்க டாக்டர் வரவேண்டும். அந்தக் கடைசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

லைனில் சொன்னபோது பக்கத்து மெஷின் அக்கா சிரித்தார்.

"முதுவுல ஊசியா? அப்புறம் நாள் பூரா எப்டிடீ குனிஞ்சி தைப்ப? டாக்டர் வந்து தைப்பாங்களா?"

அதுவும் கவலையாகிவிட்டது. தினமும் வீட்டுக்காரரிடம், "முதுவு போச்சுன்னா வேலையும் போச்சே, இன்னாங்க பண்றது?" என்று அனத்தினேன். மறுமுறை டாக்டரம்மா, "ஊசி போட்ட இடம் ரெண்டு நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கா முதுகு போயிடும்கிறதெல்லாம் வீண் பயம்மா" என்றார். அதன்பிறகுதான் தூங்கினேன். கட்டாயம் ஊசி போடச் சொல்லவேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சத்தியமும் வாங்கினேன். என் தலையில் கை வைத்துத்தான் செய்தார்.

வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று காலை நர்ஸ் ஒரு பேப்பரை நீட்டினார். எட்டாவதோடு நின்றவள் நான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்றாலே பின்வாங்கிவிடுவேன். எங்கள் வீட்டில் எந்த ஃபாரம் வந்தாலும் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போடுவார்.

"அவர்கிட்ட குடுங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கதவோரம் வந்து நின்றார். "மயக்க டாக்டர் இல்லியாம். வேலூர் போய்ட்டாராம்." தலை குனிந்திருந்தது. பாவம், என்னைவிட இவர்தான் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். இடுப்பில் போட்ட ஊசி எந்த மூலைக்கும் போதவில்லை. சாயங்காலம்வரை, முகம் தெரியாத ஒரு டாக்டரைத் திட்டிக்கொண்டே பெண்ணைப் பெற்றேன்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு மறுபடியும் ஏழாம் மாதம். போன வாரம் அதே நர்ஸ் பழைய ஃபைலைப் புரட்டினார்.

"இந்த வாட்டியாவது முதுகு ஊசி போட்டுக்கிறீங்களா? போன வாட்டி மயக்க டாக்டர் வந்து காத்துனு இருந்தாரு. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்க."

பேப்பரைக் காட்டினார். கீழே என் வீட்டுக்காரருடைய கையெழுத்து.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"நீதான தெனம் சொல்லினு இருந்த, முதுவு போச்சுன்னா வேலை போச்சுன்னு. உன் நல்லதுக்குதான் செஞ்சேன்."

"டாக்டர் இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

"இருக்காருன்னு சொன்னா நீ உட்டிருப்பியா?"

பாரம் குறையட்டும் என்று கொட்டிய பயத்தை எடுத்துவைத்திருந்து என் மேலேயே போட்டுவிட்டார். பட்ட வலிகூட மறந்துவிட்டது. கதவோரம் தலை குனிந்து நின்ற அந்த மனுஷனுக்காக இத்தனை வருஷம் இரக்கப்பட்டேனே, அதுதான் ஆறவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். "யார் கையெழுத்து போடணும்?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"புள்ள பெக்கப்போறது நீங்க. நீங்க போட்டா போதும். அன்னிக்கும் உங்ககிட்டதான மொதல்ல நீட்டினேன்."

முதுகு ஊசிக்குச் சம்மதம் என்கிற பேப்பரை எழுத்துக் கூட்டி முழுதும் படித்தேன். புரியாத இடத்தில் கேட்டேன். பிறகு போட்டேன்.

சாப்பிடும்போது அவர் கேட்டார்: "இந்த வாட்டி ஊசி கீசி போடுவாங்களா?"

"தெரியல. மயக்க டாக்டர் ஊர்ல இருந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன்.