தள்ள முடிகிற வண்டி

என் வீட்டுக்காரியின் கால் மேல் வண்டி விழுந்ததற்குச் சாமிதான் காரணம் என்று என் மச்சினன் சொன்னான். சாமியைப் பழித்தவன் வாய் அழுகாமல் நல்லாத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து குலசாமி கோயிலுக்கு மண்பாதைதான். வேரும் உருண்டைக் கல்லுமாகக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். பாதி வழியில் கோயில்காடு வரும். அந்த எல்லையில் இஞ்சினை அணைத்து, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, காடு முடிகிற வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சாமி இருக்கிற இடத்தில் சத்தம் ஆகாது, உட்கார்ந்துகொண்டும் போகக் கூடாது. எங்கள் சனம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

என் பழைய வண்டி ஓய்ந்துபோனதும் மச்சினன் வந்தான். கீழே காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறவன். "மலைக்குப் பெரிய வண்டிதான் மாமா நிக்கும். சின்னதெல்லாம் ஒரு காத்துக்குத் தாங்காது" என்று பேசிப் பேசியே ஒரு எருமையை என் தலையில் கட்டிவிட்டான். வண்டி பார்க்க ராஜா மாதிரி இருந்தது. தார் ரோட்டில் நன்றாகத்தான் போனது. கோயில்காட்டு ஏற்றத்தில் தள்ளும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. ஈர வேர் மேல் முன்சக்கரம் சறுக்கியது. நான் இந்தப் பக்கம் இழுக்க இழுக்க அது அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் அவள் பூசைக்கூடையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் பாதத்தின் மேல் வண்டி. என்னால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. "சாமீ, சாமீ" என்று அவள் கத்த, நான் தூக்க முடியாமல் நிற்க, அந்த நிமிசத்தை என் எதிரிக்கும் கொடுக்காதே என்றுதான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

கோயிலுக்கு வந்த சனம் சேர்ந்து வண்டியைத் தூக்கிவிட, கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்ததும் மச்சினன் சொல்கிறான்: "எறங்கித் தள்ளுனீங்க, அதான் விழுந்துச்சு. ஓட்டிட்டுப் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. சாமி பேரைச் சொல்லி அக்கா காலை ஒடச்சுட்டீங்க."

தூக்க முடியாத வண்டியை வாங்க வைத்தவன் இவன். பழி சாமிக்கா?

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, வண்டி உங்க கைக்கு அடங்கற வரைக்கும் நான் பின்னால ஏற மாட்டேன். கோயிலுக்கு நடந்தே வாரேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். கட்டுப் பிரித்த பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் பூசைக்கூடை வண்டியில் வரும், பொண்டாட்டி நொண்டிக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். அவளை உட்கார வைத்துக் கூட்டிப் போக முடியாதவனுக்கு வண்டி எதற்கு? அந்த எருமையைக் கை நட்டத்துக்கே விற்றுவிட்டேன்.

இந்தத் தடவை மச்சினனைக் கூப்பிடவில்லை. தனியாக நாமக்கல் போனேன். பளபளவென்று ஒரு ஷோரூம். "மண்பாதையில ஓட்டிப் பழகணும் தம்பி, லேசான வண்டி வேணும்" என்றேன். அந்தப் பையன் ஒரு வண்டியைக் காட்டி, போனோடு சேருமாம், வழி சொல்லுமாம், பாட்டுப் பாடுமாம் என்று அடுக்கினான்.

"எங்க ஊர்ல போனே எடுக்காது கண்ணு. இஞ்சின் போடாம இந்தச் சரிவுல தள்ளி ஏத்திப் பாக்கட்டுமா?"

"சார், பைக்கைத் தள்றதுக்கு யாராச்சும் வாங்குவாங்களா?"

"நான் வாங்குவேன். இன்னொண்ணு, அதைக் கீழ சாய்ச்சுப் போடு. நான் தூக்கிப் பாக்கணும்."

அவன் உள்ளே இருந்த ஆட்களைக் கூப்பிட்டு, என்னை இதைத் திரும்பச் சொல்லச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். "உங்க வயசுக்கு ஸ்கூட்டர் பாருங்க சார், அதுதான் சேஃப்டி" என்றான் ஒருவன். என் வயசுக்கு நான் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவன். வாங்குகிற காசு என்னுடையது, வண்டி விழுந்தால் அடிபடுகிற காலும் என் வீட்டுக் கால். தூக்கிப் பார்த்து வாங்குவதில் என்ன சிரிப்பு? திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கடைசியில் காளப்பநாயக்கன்பட்டி மெக்கானிக் ஒருவரிடம் கைமாறிய வண்டி ஒன்று நின்றது. மெலிந்த உடம்பு, உயரமான முன்சக்கரம், முண்டு முண்டாக டயர், இஞ்சினுக்கு அடியில் கல் படாமல் இருக்க ஒரு தகடு. சீட்டு உயரம், என் கால் நுனிதான் தரையைத் தொட்டது. சாக்கை விரித்துச் சாய்த்துப் போட்டேன். முதுகைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினேன். தெருவோர மேட்டில் தள்ளினேன், சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்தி வாரீங்க?" என்றார் மெக்கானிக்.

"பொண்ணு பாக்கறப்பகூட இத்தனை பாக்கலீங்க. இதுக்குச் சேலை சக்கரத்துல சிக்காம ஒரு சேலை கார்டு வெச்சு வெல்டிங் பண்ணிக் குடுங்க."

"காட்டு வண்டிக்குச் சேலை கார்டா! பாக்கறவன் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். ஏறப்போறது அவன் இல்லீங்க, என் ஊட்டுக்காரி."

குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, பிடுங்கிய எங்கள் வெள்ளாமைக் காடு சும்மா கிடந்தது. அங்கேதான் பழகினேன். கால்மிதியில் எழுந்து நின்று, முட்டியால் டேங்கைப் பிடித்து, கிட்டத்துக் கல்லைப் பார்க்காமல் போகிற இடத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். முதலில் நான் பார்த்த கல்லெல்லாம் என்னை இழுத்தது. விழுந்தேன், எழுந்தேன். வண்டி லேசானது, அதனால் விழுவது பெரிசாகத் தெரியவில்லை. வீட்டுக்காரி வரப்பில் உட்கார்ந்து கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே பரீட்சை வைப்பாள். "அந்த ரெண்டு கல்லுக்கும் நடுவுல வாங்க பாக்கலாம். காலை ஊனாம!" ஒருநாள் ஒரு மூட்டைக் கிழங்கைப் பின்சீட்டில் கட்டச் சொன்னாள். "இது நான். கீழ போட்டீங்கன்னா அப்புறம் பேச்சே இல்லை." மூன்று சுற்று வந்தேன். மூட்டை அசையவில்லை. "கிழங்கு வாய் திறந்து கத்தாது, நான் கத்துவேன்" என்றாளே தவிர, அடுத்த அமாவாசைக்குச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

கோயில்காட்டு எல்லை வரைக்கும் என் சட்டையைப் பிடித்தபடியே வந்தாள். எல்லையில் இறங்கினோம், செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினோம். நான் தள்ள, அவள் பின்னால் ஒரு கை வைத்தாள். அதே வேரைத் தாண்டினோம்.

வளைவு தாண்டினால், நடுக்காட்டில் ஒரு பெரிய வண்டி சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் பூட்ஸ் காலோடு இரண்டு பேர். சனி, ஞாயிறு ஆனால் மலைக்கு வருகிற கூட்டம். இன்னொரு வண்டி இஞ்சின் ஓடியபடியே நின்றது.

"அண்ணா, ஒரு கை குடுங்க. தூக்க முடியல."

"மொதல்ல அதை அணைங்க கண்ணு. பூட்ஸைக் கழட்டுங்க. இது சாமி காடு. ஓட்டக் கூடாது, தள்ளிட்டுத்தான் போகணும்."

"இவ்வளவு வெயிட்டை எப்படிண்ணா தள்றது?"

"அப்ப தள்ள முடியறதா வாங்கியிருக்கணும்."

ஒருவன் என் வண்டியின் சேலை கார்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான். ஆனாலும் அணைத்தார்கள், கழற்றினார்கள். மூன்று பேராக மூச்சுமுட்டத் தூக்கி நிறுத்தினோம். "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்றார்கள். பூட்ஸை மாட்டினார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கேயே, அந்தக் காட்டுக்குள்ளேயே இரண்டு வண்டியையும் உறுமவிட்டு மண்ணை வாரி அடித்துக்கொண்டு போனார்கள். உதவி வாங்கிய கை ஈரம்கூடக் காயவில்லை. சாமி சிரிப்பாய்ப் போய்விட்டதா இவர்களுக்கு?

வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே வண்டியைக் காட்டின் மறு எல்லைக்குத் தள்ளினேன். அங்கிருந்து கோயில் வரைக்கும் சறுக்குப் பாறை. மொத்தப் பாதையிலும் மோசமான இடம். நின்ற வண்டியை அங்கேதான் கிளப்பி ஏற்ற வேண்டும். நான் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, அவள் ஏறுவதற்காகத் திரும்பினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றாள்.

"இப்ப ஏற மாட்டேன். ஆக்சிலேட்டரை முறுக்கிட்டே இருக்கீங்க. கோவத்தோட எடுத்தா வண்டி எங்க போகும்னு எனக்குத் தெரியும்."

இஞ்சினை அணைத்தேன். கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர்கள் போன சத்தம் கேட்காமல் போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு குருவி கத்த ஆரம்பித்தது. கைப்பிடியை இந்தத் தடவை லேசாகப் பிடித்தேன்.

சேலை கார்டில் அவள் கால் படுகிற சத்தம் கேட்டது. தோளில் கை விழுந்தது.

"ம். மெதுவா" என்றாள்.

கோவம் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. வண்டியை மட்டும் மெதுவாக எடுத்தேன்.