கரை முழுவதும் பங்கு கேட்ட என் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவரை அக்கா என்றுதான் அழைத்தீர்கள். அழைத்தது சரி. ஆனால் அவரோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

அக்கா சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். நான் இளையவள். நிறம், தலைமுடி, குரல் எல்லாவற்றையும் முதலில் வந்தவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு விட்டிருந்தார். கோயிலில் தேவாரம் பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பசுகூட நான் கறக்கப் போனால் காலை உதறும். அக்கா போனால் நின்று கொடுக்கும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு அக்காவை அராலிக் கடலோரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இனியாவது வீட்டில் என் பேச்சு எடுபடும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அம்மாவோ வீட்டில் நின்ற மகளை விட்டுவிட்டு, போன மகளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்களில் அத்தான் காய்ச்சலில் காலமானார். பிள்ளைகள் இல்லை. அக்கா திரும்பி வருவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் வரவில்லை. உவர்க்காற்று அடிக்கும் அந்த மணல் நிலத்தில் தனியாக வெங்காயமும் மிளகாயும் செய்தார். கடல் ஒதுக்கும் சாதாளை என்கிற கடற்புல்லைக் கரையில் இருந்த மீனவக் குடும்பங்கள் வாரிக் காயவைத்துத் தோட்டத்துக்குப் பசளையாகக் கொடுத்தன. அதற்கு அக்கா வெங்காயம் கொடுப்பார். அவர்கள் இறால் கொடுப்பார்கள். இப்படியே போய், யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதே தெரியாமல் போயிற்று. கூடு வைத்து இறால் பிடிக்கிறவரின் மனைவி பவளம் முதலில் அவரை அக்கா என்றாள். பிறகு கரை முழுவதும் அக்கா என்றது. எனக்கென்று இருந்த ஒரே சொல்லும் பொதுச்சொத்தாகிவிட்டது.

தோட்டத்து வெறுந்தரையில் ஒரு சோடி ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். அக்கா அந்த இடத்தைக் கொத்தாமல் விட்டு, சுற்றிவரத்தான் பாத்தி கட்டுவார். நான் படலையைத் திறந்தால் போதும், இரண்டும் தலைக்கு மேலே பறந்து ஊரைக் கூட்டும். அக்கா பக்கத்தில் போனாலும் பேசாமல் இருக்கும்.

"உதுகள் ஏன் என்னைக் கண்டால் மட்டும் கத்துதுகள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ஒவ்வொரு நாளும் வாறனெல்லோ. நீ எப்பவோ ஒருக்கால் சருகைச் சேலையோடை வாறாய்" என்று சிரித்தார்.

அப்பா போன பிறகு அம்மா, நான் கட்டிப்போன மருதனார்மடத்தில் என்னோடு இருந்தார். சீமெந்து வீடு, பக்கத்தில் சந்தை, கூப்பிடு தூரத்தில் கோயில். ஒரு பொங்கலுக்கு அக்காவிடம் போனவர் திரும்பவில்லை. கூட்டிவரப் போனேன். அம்மா பவளத்தோடு இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிக்கிடுங்கோ அம்மா, போவம்."

"நீ போட்டு வா பிள்ளை. நான் இஞ்சை இருக்கிறன்."

"என்ரை வீட்டிலை உங்களுக்கு என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை. ஒரு வேலையுமில்லை."

அம்மா கண்மூடியதும் அக்காவின் மடியில்தான். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

போன வருடம் அக்காவின் இருதயம் பலவீனமாகிவிட்டதென்றும், இனி மண்வெட்டி தொடக்கூடாதென்றும் வைத்தியர் சொன்னார். நான் கார் பிடித்துக்கொண்டு போனேன். முற்றம் நிறையக் கரைச் சனம். "அக்காவை நாங்கள் பாப்பம்" என்றாள் பவளம். அம்மாவைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவள் நான். இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்து நின்றேன்.

அக்கா எல்லோரையும் பார்த்தார். பிறகு, "நான் தங்கச்சியோடை போறன்" என்றார்.

காருக்குள் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவை நான் வச்சிருந்தன். நீ ஒண்டும் சொல்லேல்லை, உன்ரை முகம் சொன்னது. என்னை நீ வச்சிரு."

அக்காவைக் குளிப்பாட்டினேன், தலை இழுத்துப் பின்னிவிட்டேன், கஞ்சி பருக்கினேன். வேறொருவரையும் தொட விடவில்லை. கரையில் இருந்து பஸ் ஏறி ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒருநாள் பவளம் போகும்போது படலையடியில் நின்று, "நீங்கள் குடுத்து வச்சனீங்கள், அம்மா" என்றாள். அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்கா தெரியாது? அவளைத் திருப்பிக் கூப்பிட்டு, இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அக்கா என் மடியில்தான் போனார்.

அவரைப் பார்த்த வைத்தியருக்கும், பந்தலிட்டு உலை வைத்த அயலவருக்கும், கொள்ளி வைத்த என் மகனுக்கும், மூன்று பஸ் மாறியென்றாலும் வந்து சேர்ந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கரைச் சனத்துக்கும்தான். பவளத்துக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட.

அக்காவின் சாமான்களை எடுக்க நேற்று அராலிக்குப் போனேன். படலையைத் திறந்ததும் அந்தக் குருவிகள் தலைக்கு மேலே வந்து கத்தத் தொடங்கின.

"கத்துங்கோ, நல்லாய்க் கத்துங்கோ. கடைசியிலை அக்கா என்னட்டைத்தான் வந்தவா" என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியிலேயே விட்டுவிட்டு, அக்கா கொத்தாமல் விட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.