மணலுக்குள் இருந்த பச்சைப் புழு

மூத்த அக்காவின் சீதனத்துக்குத் தன் தென்னங்காணியில் பாதியைப் பெரியம்மா எழுதிக் கொடுத்த கையோடு, என்னைச் சாவகச்சேரிக்கு வண்டியேற்றிவிட்டார்கள். அவருக்குப் பிள்ளையில்லை. எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் வேண்டிய மட்டும் இருந்தோம். எனக்கு ஆறு வயது. பால், முட்டை, புதுச்சட்டை என்று பெரியம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. தன்னை ‘அம்மா’ என்று கூப்பிடவேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. அது என் வாயில் வரவேயில்லை.

எங்கள் ஊரான பண்டத்தரிப்பின் செம்மண்ணில் நான் காணாத குளவிகள் அங்கே இருந்தன. கிடுகுவேலி ஓரம், நிழல் விழாத வெறும் மணலில், ஒவ்வொன்றும் தனித்தனியே துளை தோண்டும். ஒருநாள் ஒரு குளவி தன்னிலும் பருத்த பச்சைப் புழுவை இழுத்துவந்து உள்ளே வைத்தது. பிறகு சிறு கல்லொன்றை வாயில் கவ்வி, மணலை இடித்து இடித்து வாசலை மூடியது. பெரியம்மா என்னைப் பக்கத்தில் இருத்திக் காட்டினார்.

“குளவிக்குப் பிள்ளையில்லை, பிள்ளை. உந்தப் புழுவைத்தான் தன்ரை பிள்ளையாக்கி வளர்க்கப்போகுது. கொஞ்ச நாளையிலை அதுக்கும் செட்டை முளைச்சிடும்.”

ஊரெல்லாம் நம்பிய கதை அது. நானும் நம்பினேன், அதனால்தான் பயந்தேன். செட்டை முளைத்துப் பறந்துவிட்டால் புழு தன் செடிக்குத் திரும்பாதே. சில நாள் கழித்து, பெரியம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து மணலைக் கிளறினேன். பச்சைப் புழு அப்படியே கிடந்தது. ஒரு வெள்ளைப் புழு அதன் வயிற்றில் வாய்வைத்துத் தின்றுகொண்டிருந்தது. அதுதான் குளவி பெற்ற பிள்ளை என்று எனக்கு யார் சொல்வது? அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பச்சைப் புழுவைக் கத்தரிச்செடியில் கொண்டுபோய் விட்டேன். குளவி கொட்டி மரத்துப்போன அதற்குக் கால் வழங்கவில்லை. வைக்க வைக்க விழுந்தது.

அந்தக் கிழமையே அம்மா வந்தார், இடுப்பில் என் புதுத் தம்பியோடு. அவனை யாரும் கேட்கவுமில்லை, கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் புறப்படும்போது சேலையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுதேன். பெரியம்மா வாசலில் நின்றார். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தார்.

“உவதான் இனி உனக்கு அம்மா. என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிடு.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டி வேலிப்படலையைத் தாண்டுமுன், பெற்றவருக்குக் கேட்கவேண்டும் என்றே, பெரியம்மாவைப் பார்த்து “அம்மா” என்று உரத்துக் கூப்பிட்டேன். பெரியம்மா ஓடிவந்து என்னைத் தூக்கிக் கொஞ்சினார். வண்டியில் இருந்தவர் திரும்பவேயில்லை.

கல் மனசுக்காரி என்று திட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்திருந்தால் அவர் இறங்கியிருப்பார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.