ஆச்சியின் மூக்கு

எனக்கு வருஷத்தில் இரண்டு சீசன் உண்டு. ஆனி மாதக் கடைசி வாரம் ஒன்று, கார்த்திகை மாதக் கடைசி வாரம் ஒன்று. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் அதற்கு முந்தின வாரம் மந்தைவெளித் தெருக்களில் வீட்டுக்கு வீடு டெம்போ நிற்கும். புது வீட்டில் பரண் இல்லை, லிஃப்டில் ஏறாது, மருமகளுக்குப் பிடிக்காது என்று கடைசி நேரத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டு, நல்ல நல்ல சாமான்களை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்கு வீட்டில் கால் தங்காது.

"குப்பை பொறுக்கக் கிளம்பிட்டியா?" என்பார் என் கணவர். ஏ.சி. ரிப்பேர் செய்கிறவர். அவர் சாய்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிற பிரம்பு நாற்காலியே நான் பொறுக்கி வந்ததுதான். அதைச் சொல்லிக் காட்டினால் டீயை ஊதி ஊதிக் குடிப்பார். எனக்கும் ஒரு கௌரவம் உண்டு. தொட்டிக்குள் கை விட மாட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தால் எடுப்பேன். யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்ததா, தொலைந்து போ என்று வீசியதா என்பது பார்த்தாலே தெரிந்துவிடும்.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலும் அரச மரமும் இருக்கின்றன. குப்பையில் போட மனசு வராத சாமான்கள் எல்லாம் அந்த மரத்தடிக்குத்தான் வரும். கண்ணாடி உடைந்த சாமி படம், பழைய காலண்டர் முருகன், வெள்ளிப் பூச்சு போன குங்குமச் சிமிழ். மரத்தடியில் பூ விற்கிற அக்காவுக்கும் எனக்கும் ஒரு உடன்பாடு. நல்லதாக ஏதாவது வந்தால் எனக்குக் குரல் கொடுப்பாள். அவளுடைய ரவிக்கைகளுக்கெல்லாம் நான் காசு வாங்காமல் கை வைத்துத் தைத்துக் கொடுப்பேன். வீட்டில் எனக்குத் தையல் வேலைதான். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், ஓரம் அடிப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பால்கனிக்குக் கீழே நின்று கத்தினாள். "எக்கா! சீக்கிரம் வா. பொம்ம வந்துகீது!"

பெரிய அட்டைப் பெட்டி. பிரித்தேன். செய்தித்தாளும் பழைய வேட்டித் துண்டும் சுற்றி, கொலு பொம்மைகள். ஒவ்வொன்றும் அச்சு மண் பொம்மை, இப்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக் கடைகளில் தேடினாலும் கிடைக்காத கனம்.

"யாரோ ஒரு பொண்ணு ஆட்டோல வந்து வெச்சிட்டு, கன்னத்துல போட்டுக்கினு போச்சு. கண்ணெல்லாம் கலங்கிக் கீது அதுக்கு. மழ வரதுக்குள்ள எட்த்துக்கினு போக்கா."

என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போது சொன்னாலும் சிரிப்பீர்கள். எங்கள் அம்மா வீட்டில் கொலு வழக்கம் கிடையாது. சின்ன வயதில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறேன். திரும்பி வந்து அழுதிருக்கிறேன், நமக்கு ஏன் இல்லை என்று. கல்யாணமாகி வந்த வீட்டிலும் வழக்கமில்லை. ஐம்பத்து இரண்டு வயதில் ஒரு கொலு தானாக என் தெருமுனையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விடுவேனா?

பதினாலு பொம்மைகள். தவழும் கிருஷ்ணன், கல்யாண கோஷ்டி, நாதஸ்வரக்காரர், மளிகைக்கடை செட்டியார், அவர் பக்கத்தில் உட்காரும் ஆச்சி. எல்லாம் சாயம் மங்கியிருந்தாலும் முழுசாக இருந்தன. ஆச்சிக்கு மட்டும் மூக்கு இல்லை. மூக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொக்கை.

"பின்னமான பொம்மையை வீட்டுல வைக்கக் கூடாதும்பாங்க. அதை மட்டும் திருப்பி வெச்சுடு" என்றார் கணவர்.

"மூக்கு இல்லாட்டி மூக்கு வெச்சுக்கலாம். நீங்க பேசாம இருங்க."

குழாய் ஓட்டையை அடைக்கப் பிளம்பர்கள் பிசைகிற பசை இருக்கிறதே, அதை வாங்கினேன். முதல் மூக்கு கிளி மூக்காகப் போனது. இரண்டாவது சப்பை. மூன்றாவது, கண்ணே பட்டுவிடும், அப்படி வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முகம் முழுக்கச் சாயம் பூசி, அரக்குப் புடவையை எனக்குப் பிடித்த கிளிப்பச்சையாக மாற்றினேன். யாரோ ஒருத்தர் ரவிக்கையில் மிஞ்சின வெள்ளைக் கல் ஒன்றை மூக்குத்தியாக வைத்தேன். அன்றைக்கு ஃபால்ஸ் வேலை ஒன்றுகூட ஓடவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து போய் அந்த மூக்கைப் பார்த்துவிட்டு வந்தேன்.

புரட்டாசியில் முதல் கொலு. டிரங்குப் பெட்டி, பலகை, வேட்டி விரித்து மூன்று படி. செட்டியார் கடைக்கு முன்னால் குட்டிக் கிண்ணங்களில் நிஜ அரிசி, நிஜப் பருப்பு. தெருவில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் ஆச்சியைத்தான் பார்த்தார்கள். நான்தான் விரலால் காட்டினேன், அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் சாயங்காலம், விளக்கு ஏற்றி முடித்திருந்தேன். பூக்கார அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். பின்னால் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை.

"இவுரு பெருங்குடிலேந்து ரெண்டு பஸ் மாறி வந்துகீறாரு. மரத்தாண்ட வந்து பொம்மயக் கேட்டாரு. நான்தான் உன்கிட்ட கீதுன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, கடையைப் பார்க்க இறங்கிப் போய்விட்டாள்.

சொந்தக்காரர் வந்துவிட்டார், கேட்கப் போகிறார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், கொலு வெச்சா ஒன்பது நாளைக்கு நடுவுல எடுக்கக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா. எடுத்துண்டு போக வரலை. ஒரே ஒரு பொம்மையைப் பார்க்கணும், அவ்வளவுதான்."

உள்ளே வந்து கொலு முன்னால் நின்றார். கிருஷ்ணனைப் பார்த்து, "நீ இங்கேயா இருக்கே?" என்றார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். மனைவி போய் ஒன்றரை வருஷம். பிள்ளை பெருங்குடியில் பதினோராவது மாடியில் இருக்கிறான். மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்யும்போது மருமகள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அப்பா இது வேணுமா, அது வேணுமா என்று கேட்டாள். "எதுவும் வேண்டாம், என்ன வேணா பண்ணிக்கோங்கோன்னு சொன்னது நான்தான். அப்போ எதையும் பார்க்கப் பிடிக்கலை. நவராத்திரி பொறந்ததும் இருப்புக் கொள்ளலை, எங்க வெச்சேன்னு அவளைக் கேட்டுண்டு கிளம்பிட்டேன்."

"எந்த பொம்மை சார்?"

"ஆச்சி. மூக்கு இருக்காது அவளுக்கு."

கல்யாணமான முதல் நவராத்திரியாம். முக்காலி மேல் ஏறி நின்று, பரணிலிருந்து பொம்மைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். புது மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்ததில் ஆச்சி கை நழுவிவிட்டாள். மனைவியின் அம்மா வீட்டிலிருந்து வந்த பொம்மை. ஆனாலும் மனைவி திட்டவில்லை. பின்னம் என்று தூக்கிப் போடவும் விடவில்லை. அதற்குப் பதில், வருஷா வருஷம் ஆச்சியைப் படியில் வைத்தவுடன் கூடத்திலிருந்து ஒரு குரல் கொடுப்பாளாம். "மூக்கை உடைச்ச மகானுபாவரே, உங்க ஆள் வந்தாச்சு, வந்து பாருங்கோ!"

"நாப்பத்தாறு வருஷம். வீடு நிறைய மனுஷா இருந்தாலும் விட மாட்டா. எனக்கு மானம் போகும்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே செட்டியார் கடையைப் பார்த்தார். என் பச்சைப் புடவை ஆச்சியைப் பார்த்தார். "இவ அவ இல்லையே. புதுசா வாங்கிட்டேளோ?"

இங்கேதான் நான் பாவி ஆனேன். அவர்தான் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போக வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் இந்தக் கதையைக் கேட்ட பிறகு, இதோ உங்க ஆச்சி என்றால், எந்த மனுஷன் விட்டுவிட்டுப் போவான்? என் கொலு, என் மூக்கு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆமா சார். அது பின்னமா இருந்துச்சுன்னு எடுத்துட்டோம்."

"சரிதான். எங்க போட்டேள்மா?"

"மரத்தடியிலயே... திருப்பி வெச்சுட்டேன்."

"ஓஹோ" என்றார். நான் கொடுத்த சுண்டலைப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். போய்விட்டார் என்று மூச்சு விட்டேன். ஒரு நிமிஷம் கழித்து, பஸ் ஸ்டாப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்க்கத்தான் பால்கனிக்குப் போனேன்.

அவர் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி மண்ணில் புரள, உடைந்த சாமி படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கார அக்கா தன் செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு அவர் கூடவே குனிந்து தேடினாள். மூன்று மாத மழையும் வெயிலும் போன இடத்தில், இல்லாத பொம்மையை ஒரு வயசானவர் என் ஒரு வார்த்தையை நம்பித் தேடுகிறார்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று எனக்கே கேட்டது. கொலுவாவது, ஒன்பது நாளாவது! ஆச்சியை அப்படியே அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"சார், நிறுத்துங்க. இவதான் சார். பொய் சொல்லிட்டேன். மூக்கு நான்தான் வெச்சேன், புடவை நான்தான் மாத்தினேன். எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

பூக்கார அக்கா நிமிர்ந்தாள். "இன்னாக்கா, நீயா இப்டி பண்ண? அவரு முட்டி போட்டுக்கினு தேடினு கீறாரு!"

பெரியவர் எழுந்து பொம்மையை வாங்கினார். திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். அப்புறம் கட்டைவிரலால் அந்த மூக்கைத் தொட்டார். "ரொம்ப நன்னா பண்ணியிருக்கேள்மா" என்றார். மனசார்த்தான் சொன்னார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. பழைய சிநேகிதரை வீதியில் பார்த்து, அவருக்கு நம்மை அடையாளம் தெரியாவிட்டால் எப்படி இருக்கும், அப்படி நின்றார். நல்லது செய்கிறேன் என்று அவருடைய நாற்பத்தாறு வருஷத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

"சார், உடைச்சுடட்டுமா?" என்று கேட்டேன். "கத்திரி எடுத்துட்டு வரேன், ஒரு நிமிஷத்துல பேர்த்துடலாம்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முதல் தடவையாகக் கண்ணில் ஒரு குறும்பு வந்தது. "நீங்க எப்படி உடைக்கலாம்? உடைக்கறதுன்னா நான்னா உடைக்கணும்."

பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். ஆச்சியை மடியில் சாய்த்துக்கொண்டு, சாவி நுனியை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். மூன்று நாள் பாடுபட்டு வைத்த மூக்கு, கல் மூக்குத்தியோடு டக்கென்று என் கையில் வந்து விழுந்தது. பழைய வெள்ளைப் பொக்கை தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் சிரித்தார், சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. "ரெண்டாவது தடவை" என்றார். "இப்பவும் அவ திட்டலை பாருங்கோ."

பூக்கார அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, இரண்டு முழம் மல்லியை அறுத்து ஆச்சியின் கழுத்தில் போட்டாள். காசு வாங்கமாட்டேன் என்றாள்.

எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. மறுபடியும் இரண்டு மாடி ஏறி, தன் கையாலேயே ஆச்சியைச் செட்டியார் பக்கத்தில் உட்கார வைத்தார். கீழே போட்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். "பதினோராவது மாடியில ஒத்தையா அலமாரியில நின்னா அவளுக்குப் பொழுது போகாது. இங்க கடை இருக்கு, வியாபாரம் இருக்கு. இருக்கட்டும்மா." பச்சைப் புடவையை மாற்றித் தரட்டுமா என்றதற்கு, "அவளுக்கும் ஒரு புதுப் புடவை வேண்டாமா?" என்றார். கழன்ற மூக்கு இப்போதும் என் தையல் மெஷின் பாபின் டப்பாவில் கிடக்கிறது.

அடுத்த வருஷம் நவராத்திரி வந்தது. முதல் நாள் போனது, இரண்டாம் நாள் போனது. வருவாரா, அந்த உடம்பில் இரண்டு பஸ் மாற முடியுமா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் விளக்கு வைத்த நேரத்தில் மாடிப்படியில் மெதுவாக, நின்று நின்று, ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. சுண்டல் கரண்டியும் கையுமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தேன்.

"மூக்கை உடைச்ச மகானுபாவரே, உங்க ஆள் வந்தாச்சு, வந்து பாருங்க!"

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பதறி வாசலுக்குப் போனேன். கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது கூப்பிடுவாளான்னு நெனச்சுண்டேதான் ஏறினேன்மா" என்றார்.