நீர்நாய் வந்த காலை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாரம் முழுக்க இரைச்சல்தான். அதனால் குளிர்கால ஞாயிறுகளில் ஏரிக்கரைக் காட்டுக்கு நடந்துபோய், பறவையோ விலங்கோ கண்ணில் படக் காத்திருப்பார். கூடவே வரும் தங்கை புருஷனுக்கோ வாய் ஓயாது.

அன்று கரையில் உட்கார்ந்ததும், "மாப்பிள்ள, கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க. நீர்நாய் வர்ற நேரம்" என்றார்.

சொல்லி வைத்தாற்போல் அது வந்தது. மீனைக் கவ்விக்கொண்டு கரையேறி, நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று மெக்கானிக் சிரித்தபடி திரும்பினார். மாப்பிள்ளை மரத்தில் சாய்ந்தபடியே இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அழுது ஓய்ந்தபின் தங்கை கேட்டாள்: "அந்த நீர்நாயையாவது பாத்தாராண்ணே?"

"பாத்தாரும்மா."

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.