மகன் கேட்டது தண்ணி

பல்லேகலயில் எனக்கு வேலை கிடைத்ததும், இரண்டு வயது மகனை எங்கே விடுவது என்று வீட்டில் பெரிய பேச்சு. பக்கத்து வீட்டு ரிஸ்னா ராத்தா, "எண்ட ரெண்டு புள்ளைகளோட மூணாவதா இரிக்கட்டும்" என்றார். என் கணவர் கேட்கவில்லை. "டிவிக்கு முன்னால போட்டுருவாங்க. டவுன் டேகெயார்ல விட்டா இங்கிலீஷாவது வரும்." அங்கே தமிழ் தெரிந்த மிஸ் இருப்பதாக அதை நடத்தும் மேடம் சொன்னார். நம்பினேன்.

ஒரு வெயில் நாள் கூட்டிவரப் போனபோது பிள்ளை உதடு வெடித்துத் துவண்டு கிடந்தான். அவனைப் பார்த்துக்கொண்ட சிங்களப் பெண் பாசமாகத்தான் சொன்னாள். காலையில் வாந்தி எடுத்தானாம். அப்புறம் "தனி, தனி" என்று ஒரே அழுகையாம். சிங்களத்தில் தனி என்றால் தனிமை. பாவம் என்று இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருந்தாளாம்.

அவன் கேட்டது தண்ணி. நான் கொடுத்தனுப்பிய போத்தல் பையில் நிரம்பியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். தமிழ் மிஸ் எங்கே என்று மேடத்திடம் கேட்டேன். போன மாதமே நின்றுவிட்டாராம். பிள்ளைகள் சீக்கிரம் மொழி பழகிவிடுவார்களாம். அதுவரை எதைக் குடிப்பார்கள்?

ராத்தா வீட்டில் அதற்குள் வேறு பிள்ளை சேர்ந்துவிட்டது. வேறு இடம் தேடுகிறேன். சுவரில் ஒட்டிய படங்களையும் சான்றிதழ்களையும் இப்போது பார்ப்பதில்லை. பிள்ளையைத் தூக்கப்போகிறவளிடம் "தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். இதுவரை போன இடங்களில் எனக்குக் கிடைத்தது புன்னகைதான்.