வின்னி காய்ச்சிய சூப்பு

ஹார்ட்லா என்ற சுரங்க ஊரில் வின்னி ஹெப்பிளைத் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள்தான். அந்த நன்றி இருந்ததா என்றால், அதுதான் இல்லை. அவள் லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத்தாளைப் பயிரிட ஆரம்பித்ததும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அந்த ஊரில் லீக்ஸ் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. செப்டம்பரில் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் போட்டி நடக்கும். குழந்தையின் தொடை மாதிரி பருத்த வெள்ளைத் தண்டுகளை வேரோடு கழுவி ஜோடியாக மேசையில் வைப்பார்கள். என்ன உரத்தண்ணி ஊற்றி வளர்த்தோம் என்பதை எவனும் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லமாட்டான்.

வின்னியாலும் பக்கத்து வீட்டு கத்பர்ட் லெய்ட்லராலும் மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்க முடியாது. இருவருக்கும் சேர்த்து ஒரே வாடகைத் தோட்டம், ஆளுக்குப் பாதி, நடுவில் ஒரு கயிறு. கொட்டகையை ஒட்டி ஒரே மாதிரி இரண்டு நீலப் பீப்பாய்கள் நின்றன. தெருப்பக்க வாசலில் நுழைந்தால் இடது கைப்பக்கம் அவருடையது, புறா எச்சமும் புகைக்கரியும் ஊறியது. வலது கைப்பக்கம் அவளுடையது. பீர் வடித்து மிஞ்சிய பார்லி உமி, ஆட்டுப் புழுக்கை, காஞ்சொறித் தழை. ரெண்டும் ஒரே நாற்றம்தான். ஆனால் வருஷா வருஷம் பரிசு அவருக்கு. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அவள் உரத்தண்ணிக்கு ஊர் வைத்த 'பள்ளிக்கூட சூப்பு' என்ற பட்டம்.

அந்த ஆகஸ்டில் கத்பர்ட் இடுப்பு எலும்பை மாற்ற ஆஸ்பத்திரியில் படுத்தார். படுக்கையிலிருந்தே கட்டளை வந்தது.

"என் பீப்பாய்ல மோந்து என் லீக்ஸுக்கு ஊத்து, அம்மணி. உன் சூப்பை அந்தப் பக்கம் காட்டிராத."

"ஏன், ருசி கண்டுரும்னு பயமா?"

வாய் பேசினாளே தவிர, வேலையில் குறை வைக்கவில்லை. தோட்டத்துக்கு மேலே சந்துக்கு அந்தப் புறம் அவருடைய புறாக்கூண்டு இருந்தது. தினமும் புறாக்களுக்குத் தீனி போட்டுவிட்டு, அப்படியே தெருவாசலுக்கு எதிரே இருந்த மேல்வாசல் வழியாகத் தோட்டத்தில் இறங்கி, இரண்டு பாத்திக்கும் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

போட்டியன்று காலையில் லீக்ஸைப் பிடுங்கியபோதுதான் தெரிந்தது. அவளுடைய வேரெல்லாம் கரி. அவருடைய வேரில் பார்லி உமி. பழகின கை வலதுபக்கப் பீப்பாயையே தன்னுடையதென்று மொண்டிருக்கிறது. மேல்வாசலில் வந்தால் வலது இடதாக மாறும் என்று புத்திக்கு எட்டவே இல்லை. அடிப்பாவி, நோயாளி மனுஷன் நம்பி ஒப்படைத்ததை நாசம் பண்ணிவிட்டோமே என்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து கழுவினாள். கொண்டுபோய் மேசையில் வைத்தாள். வேறென்ன செய்வது?

நடுவர் டர்ன்புல் நாடாவைச் சுற்றி அளந்தார். இன்னொருமுறை அளந்தார். கத்பர்டின் ஜோடி, கிளப் சுவரில் தொங்கிய பழைய அளவையெல்லாம் தாண்டிவிட்டது. வின்னியுடையது போன வருஷத்தைவிடச் சிறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் நேரே வந்திருந்த கத்பர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். "கரி பேசுதுய்யா, கரி."

"வின்னி, உன் சூப்பைத் திரும்பப் பிள்ளைங்களுக்கே ஊத்திரு" என்றார் டர்ன்புல். கிளப்பே சிரித்தது.

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. கத்பர்ட் சந்தோஷமாக இருப்பார், அவள் தப்பும் மறைந்துபோகும். சூப்பு மட்டும் சாகும்வரை சூப்பாகவே இருக்கும். வின்னிக்கு அது பொறுக்கவில்லை. மேசைக்குப் போனாள். பரிசு பெற்ற லீக்ஸின் வேரை விலக்கி, கழுவியும் போகாத ஓர் உமியை எடுத்துக் கத்பர்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எந்தப் பீப்பாய்ல கெடக்கும், நீயே சொல்லு. நான் பீப்பாயை மாத்தி மோந்துட்டேன், கத்பர்ட். நீ படுத்த நாளையிலேர்ந்து இது குடிச்சது என் சூப்பு. உன் கரியக் குடிச்சது என்னோடது. திட்றதுன்னா திட்டு."

கத்பர்ட் உமியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"டர்ன்புல், பரிசு அட்டையில பேரை மாத்தி எழுது" என்றார்.

"பாத்தி யாரோடதோ, பரிசு அவங்களுக்குத்தான். விதி அப்படி."

"அப்ப என் பேருக்குக் கீழ 'சூப்பு: வின்னி ஹெப்பிள்'னு எழுது. நல்லாப் பெருசா எழுதுய்யா, என் கண்ணுக்குத் தெரியணும்."

டர்ன்புல் எழுதினார். வின்னி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் பரிசு அட்டையில் ஏறியது அதுதான் முதல் தடவை. பெருமையை மறைக்க அவள் பாடுபடவில்லை.

கத்பர்ட் குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த வருஷம் எனக்கு ஒரு வாளி குடுப்பேல்ல, அம்மணி?"

"வரிசையில வா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் அப்படித்தான் வாங்கினாங்க."

சக்கர நாற்காலிக்குப் பின்னால் டர்ன்புல் வந்து நின்றார்.